கண்மாய்க்குக் கரை எந்தப் பக்கம்?

கணினித் திரையில் நிலக்காட்சி செய்வது என் தொழில். சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் காடு, மலை, வயல், தெரு என்று வெட்டவெளிகளை உருவாக்கித் தருகிறோம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "ப்ரொசீஜரல்ல பண்ணுனா உயிர் இருக்காது." இயக்குநர் சொல்கிறார், கலை இயக்குநர் சொல்கிறார், ஓவியம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்த தம்பி தங்கைகளும் சொல்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் கதை என்றால் இன்னொரு வரியும் சேர்ந்துகொள்ளும்: "நம்ம மண்ணையெல்லாம் கணக்குப் போட்டு வரைய முடியாதுங்க. அது கையில வரணும்."

ப்ரொசீஜரல் என்பதைத் தமிழில் விதிவழி ஆக்கம் எனலாம். ஒவ்வொரு மரத்தையும் பாறையையும் கையால் எடுத்து வைப்பதற்குப் பதில், எது எங்கே முளைக்கும், எதன் பக்கத்தில் எது நிற்கும், எவ்வளவு நெருக்கமாக நிற்கும், தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்ற விதிகளை எழுதிவிட்டு நிலத்தைக் கணினியில் விளையவிடுவது. பத்து ஏக்கர் என்றாலும் பத்தாயிரம் ஏக்கர் என்றாலும் விதி அதேதான்.

இப்படி விளைந்த நிலத்தில் உயிர் இருக்காது என்பதை நான் ஏற்கவில்லை. மதுரைச் சமவெளிக்கு இது பொருந்தாது என்பதை அறவே ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் விதியால் எழுதத் தோதான ஒரு நிலத்தைக் காட்டு என்றால் நான் மேலூரிலிருந்து மானாமதுரை வரைக்கும் கையை நீட்டிக் காட்டுவேன்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மதிக்கிறேன். 1977-இல் வந்த '16 வயதினிலே' தமிழ் சினிமாவை ஸ்டுடியோ செட்டிலிருந்து கிராமத்துத் தெருவுக்குக் கூட்டிப்போனது. அதன்பிறகு மண்வாசனை என்பது கேமரா நிஜ மண்ணில் நின்றால்தான் வரும் என்று ஆயிற்று. 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்', 'ஆடுகளம்' என்று மதுரை வட்டாரத்துப் படங்கள் அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கின. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். இதற்கு நேர்மாறாக, கணினியில் செய்த கிராமம் என்று திரையில் வந்தவற்றில் பெரும்பாலானவை எப்படி இருந்தன? புல் போர்த்திய மேடு, ஊசியிலைக் காடு நிற்பதுபோல் நெருங்கி நிற்கும் பனை, கரையே இல்லாத ஒரு குளம். பார்த்தவர்களுக்கு நெஞ்சு ஒட்டவில்லை. ஒட்டாததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம்தான் பிசகு. அந்த நிலத்தில் உயிர் இல்லாமல் போனது அதை விதியால் செய்ததனால் இல்லை, வேறு ஊர் விதியால் செய்ததனால்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் பெரியப்பா. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதெல்லாம் அவர் கணக்கு. ஒரு படத்துக்காக மதுரைக்குக் கிழக்கே உள்ள சமவெளியைச் செய்துகொண்டிருந்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து அவரிடம் காட்டினேன். மூன்று வார வேலை. நிலத்துக்கு மேடுபள்ளம் கொடுத்து, பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தி, கேமராவுக்கு நேர் எதிரே வளைவாக ஒரு கரை வைத்து, கரை முழுக்கப் பனையை நிறுத்தியிருந்தோம். பெரியப்பா கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கரையை இங்கிட்டுப் போட்டிருக்கியேப்பா, தண்ணி எங்கிட்டிருந்து வருது?"

நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன். எங்கள் நிலம் வடமேற்கில் உயர்ந்து தென்கிழக்கில் தாழ்ந்தது. கரை வடமேற்கே இருந்தது. மேட்டிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் அத்தனையையும் எங்கள் கரையே வெளியில் மறித்து நிறுத்தியிருக்கும். கண்மாய்க்குள் ஒரு சொட்டு இறங்கியிருக்காது. "பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நம்பி ஒரு நாத்துப் பாவ முடியாது" என்றார்.

அந்தக் கரையை வைத்தது எந்த விதியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமராவுக்கு அழகாக இருக்கட்டும் என்று நான்தான் கையால் வைத்தேன். உயிர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என் கையிலிருந்து வரவில்லை.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். முதலில் சரிவு. சரிவு தெரிந்தால் ஒவ்வொரு இடத்திலும் விழும் மழை எந்தப் பக்கம் உருளும் என்று தெரியும். உருண்டு சேரும் வழிகள் ஓடைகளாகும். ஓடைகள் கூடுகிற இடத்துக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே, ஒரு கரை. அந்தக் கரைக்கு நாங்கள் கொடுத்தது ஒரே விதி: உச்சி எங்கும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும், இரண்டு முனையும் அதே மட்டத்து மேட்டில் போய் முட்டவேண்டும். முட்டுவதற்காகக் கரை தானே இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்தது. வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் அந்தப் பிறைநிலா வடிவம், மாடக்குளத்திலும் வண்டியூரிலும் நாம் பார்க்கும் அதே வளைவு, எங்கள் திரையில் யாரும் வரையாமல் வந்து நின்றது. அந்த நிமிடத்தை என் தொழில் வாழ்க்கையில் மறக்கமாட்டேன்.

கரை சரியான இடத்தில் வந்ததும் மற்றவை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்தன. கரையை ஒட்டி ஆழம், தள்ளிப் போகப் போக உள்வாய் மேடேறிப் புல்தரையாகிறது. கரையில் மடை. மடைக்குக் கீழே வாய்க்கால். வாய்க்கால் எட்டும் தூரம் வரை நஞ்சை, எட்டாத மேட்டில் புஞ்சை. கரையின் ஒரு முனையில், நிலம் கெட்டியாக இருக்கும் இடத்தில், மிச்சத் தண்ணீர் வழியக் கலிங்கு. வெள்ளம் ஏறாத மேட்டில் ஊர். கரையோரத்தில் அய்யனார். பனைகள் வயலுக்கு நடுவே சிதறி நிற்பதை விட்டுவிட்டுக் கரையிலும் வரப்பிலும் புஞ்சை எல்லையிலும் போய் வரிசையாக நின்றன. மனிதர் விட்டுவைக்கும் இடத்தில்தானே பனை நிற்கும்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரி கண்மாய்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வைகைக் கரையோரமெங்கும் அவை ஒன்றின் மிச்சத்தை ஒன்று வாங்கிக்கொள்ளும் தொடர்களாக இருக்கின்றன. ஆறே கடைசியில் ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் போய்ச் சேருகிறது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஒரே விதியின் திரும்பத் திரும்ப வரும் செயலாக ஆக்கிவைத்தவர்கள் எந்தக் கணினியையும் பார்த்ததில்லை. சரிவு, மழை, மண், உழைப்பு என்ற நான்கு உள்ளீடுகளை வைத்துச் செய்தார்கள். இந்த நிலத்தைக் கணக்கால் வரைய முடியாது என்று சொல்லும்போது நாம் அவர்கள் போட்ட கணக்கை இல்லை என்கிறோம்.

வெளியூர் விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1980-இல் போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன் கார்ப்பென்டர், ஒரு முக்கோணத்தைப் பிளந்து பிளந்து ஒவ்வொரு பிளவிலும் சிறிது மேலும் கீழும் அசைத்தால் மலைத்தொடர் கிடைக்கும் என்று இரண்டு நிமிடப் படம் ஒன்றில் காட்டினார். 1985-இல் கென் பெர்லின் 'நாய்ஸ்' முறையை வெளியிட்டார். அடுத்தடுத்த புள்ளிகள் தாவாமல், ஒன்றையொன்று தழுவியபடி ஏறி இறங்கும் எண்கள் அவை. இன்றுவரை திரையில் தெரியும் மேகம், புகை, மேடுபள்ளம் எதிலும் அதன் சாயல் இருக்கும். 1989-இல் மஸ்கிரேவும் கூட்டாளிகளும் அந்த மலைகளில் மழையைப் பெய்யவிட்டு அரிப்பை உண்டாக்கினார்கள். 1998-இல் டாய்சன் குழு செடிகளையே ஒன்றோடொன்று இடத்துக்கும் ஈரத்துக்கும் போட்டியிடவிட்டுக் காட்டை வளர்த்தது. எல்லாம் அருமையான வேலை. ஆனால் அவர்கள் கண்முன் இருந்தவை பனிமலையும் ஓடையோரப் புல்வெளியும். மென்பொருளை வாங்கித் திறந்ததும் முதலில் வருவது அந்த ஊர்தான். அதை அப்படியே எடுத்து மேலூர் என்று பெயர் வைத்தால் மேலூர் வராது.

மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய்ஸ் கொடுக்கும் மலை சமவெளியிலிருந்து மெல்ல மெல்ல எழும். யானைமலை அப்படியா இருக்கிறது? ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தட்டைத் தரை, அதற்கு அடுத்த அடி பாறை. ஆனை படுத்திருப்பதுபோல ஒற்றைப் பாறையாகக் கிடக்கிறது. திருப்பரங்குன்றம், சமணமலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் எல்லாம் இந்த வகைதான். சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் யுகயுகமாகக் கரைந்துபோக, கரையாமல் மிஞ்சிய கெட்டிக் கல். இதற்கென்று தனி விதி வேண்டும்: வெங்காயத் தோல்போலப் பட்டை பட்டையாக உரியும் மேல்தளம், உரிந்து விழுந்த பலகைக்கற்கள் அடிவாரத்தில், மழைத்தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடுகள், பள்ளத்தில் சுனை. மொட்டைப் பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்ததை உடனே கீழே தள்ளிவிடும். அதனால்தான் குன்றின் காலடியில் கண்மாயும் ஊருணியும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் போய் நின்று பார்த்தால் பாறையிலிருந்து கண்மாய்க்குப் போகும் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்த குன்றுகளுக்கும் ஒரு விதி எழுதவேண்டியிருந்தது: செங்குத்துச் சுவர், சதுரப் படி, அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். எழுதும்போது மனசு வலித்தது. ஆனால் நிலத்தில் இருப்பதை எழுதத்தான் வேண்டும்.

செடிகொடிக்கு வருகிறேன், ஏனென்றால் உயிர் இல்லை என்கிற குற்றச்சாட்டு இங்கேதான் அதிகம் எழும். சீமைக்கருவேலம் இல்லாமல் இன்றைய மதுரைச் சமவெளி கிடையாது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அளவுக்குப் பரவிய மரம். அதை எங்கே முளைக்கவிடுவது? முதலில் எல்லாரையும்போல் நானும் சிதறவிட்டேன். வெறும் பச்சைப் புள்ளிகளாகக் கிடந்தது. ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு மாமாவோடு இரண்டு நாள் நடந்தபிறகு புரிந்தது. ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்கின்றன; விதை செரிக்காமல் புழுக்கையிலும் சாணியிலும் வெளியே வருகிறது. ஆகவே மரத்தை நேராக நடக்கூடாது. ஆட்டை நடக்கவிடவேண்டும். பட்டியிலிருந்து கிளம்பி, பாதையோரமாகப் போய், நிழலில் நின்று, கண்மாய் உள்வாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும் ஒரு மந்தையை எழுதினோம். அது அதிகம் நின்ற இடத்தில் விதை அதிகம். ஈரம் இருந்த இடத்தில் முளைத்தது. பாதையின் இரண்டு பக்கமும், பழைய கிடை போட்ட இடத்திலும், வற்றிய உள்வாயிலும் புதர் அடர்ந்தது. ஆள் உழுத வயலில் ஒன்றுகூட இல்லை. கரிமூட்டத்துக்காக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கொம்பாக வெடித்துக் கிளம்பும் என்ற விதியையும் சேர்த்தோம். அதன்பிறகு ரோட்டோரத்துப் புதர் ரோட்டோரத்துப் புதராக ஆனது.

மந்தையை எழுதியதனால் நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் வந்தது. ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்றால் எட்டும் உயரத்துக்குக் கீழே தழையை எடுத்துவிடு என்று ஒரு வரி. உடனே வேம்பும் நாட்டுக் கருவேலும் குடையின் அடிப்பக்கம்போல் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டு நின்றன. நம் ஊர் வெளியில் நின்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் பார்த்த கோடு அது. யாரும் பேர் வைத்துச் சொன்னதில்லை. அது இல்லாத மரத்தைப் பார்த்தால் மட்டும் "என்னமோ சரியில்ல" என்பார்கள். உயிர் இல்லை என்று சொல்லும்போது பலரும் தேடுவது இந்தக் கோட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

விதி என்று வந்துவிட்டால் கலை போய்விடும் என்பது அடுத்த வாதம். இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. விடிந்தால் வாசலில் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் இழுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றவேண்டும், கோடு வந்த இடத்தில் போய்ச் சேரவேண்டும், ஒரு புள்ளி விடுபடக்கூடாது. இந்த விதிக்குள் எத்தனை கோலம் இருக்கிறது என்பதற்கு முடிவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார்கள். சிறிய கோலத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியையும் விதிப்படி மாற்றி எழுதிக்கொண்டே போனால் பெரிய கோலம் விரியும் என்று காட்டிய கட்டுரை, கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1968-இல், அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற தாவரவியலாளர் செடியின் வளர்ச்சியை இதே போன்ற மாற்றியெழுதும் விதிகளால் விளக்கியிருந்தார். இன்று கணினியில் மரங்கள் கிளை விடுவதற்குப் பின்னால் பல இடங்களில் அந்த விதிகள் இருக்கின்றன. அவற்றைப் படமாக்கும் வழியை வளர்த்த புருசின்கீவிச்சின் ஆய்வுகளில் செடிகளுக்குப் பக்கத்திலேயே நம் கோலமும் எடுத்துக்காட்டாக நிற்கிறது. இந்தத் துறை தொடங்கிய காலத்திலேயே தமிழ் வாசல் அதற்குள் இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, இது வெள்ளைக்காரன் வித்தை, நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திணையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழம்பெருமை பேசுவதற்காக எடுக்கவில்லை, வேலைக்கு உதவுவதால் எடுக்கிறேன். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்துவிட்டு, அதற்கேற்ற மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் என்று கருப்பொருள்களை அடுக்குகிறது. நிலமும் பொழுதும் உள்ளே போனால் உரிய மரமும் பறவையும் வெளியே வரவேண்டும் என்பதுதான் நாங்கள் எழுதும் விதியின் எலும்புக்கூடு. அதோடு நிற்காமல், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ளலாம் என்று எல்லையைத் தளர்த்தியும் வைக்கிறது. அழகர்மலை அடிவாரத்தில் காடு எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கத் தெரியாமல் தவித்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்தத் தளர்வுதான். மதுரைக்குப் போகும் வழியைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதியில், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்து வருகிறது. ஒரு நிலம் வறட்சியில் இன்னொன்றாக மாறும் என்ற விதி! சித்திரைக்கும் கார்த்திகைக்கும் ஒரே இடம் இரண்டு நிறமாக நிற்பதை எங்கள் கோப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

கையால் செய்வதே உயர்ந்தது என்போர், அந்தக் கை யாருடையது என்று கேட்பதில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு பாடல் காட்சிக்காக ஆற்றங்கரைத் தோப்பு ஒன்றைக் கையால் நிரப்பினேன். மூன்று இரவு. முதல் இரவில் ஒவ்வொரு மரத்தையும் யோசித்து வைத்தேன். இரண்டாம் இரவில் ஐந்து மரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தேன். மூன்றாம் இரவில் எதை வைத்தேன் என்றே நினைவில்லை. விடிந்ததும், ஆறு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போகட்டும் என்று செய்தி வந்தது, அத்தனையும் வீண். ஒரே மரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று விதிவழி வேலையைக் குறை சொல்கிறார்கள். களைத்த கையைவிட அதிகமாக ஒன்றையே திரும்பச் செய்வது எது? விதியாக எழுதியிருந்தால் ஆற்றை நகர்த்தியதும் மருதமரங்கள் தானே புதிய கரைக்கு வந்திருக்கும். அந்த மூன்று இரவில் நான் திருப்புவனம் வரை போய் ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். நாயகன் சாய்ந்து உட்காரும் அந்த ஒரு ஆலமரத்தைக் கையால் செய்யுங்கள், நானும் செய்கிறேன். அதற்குப் பின்னால் நிற்கும் நாற்பதாயிரத்துக்கு ஒரு இளைஞனின் கண்ணைக் கேட்காதீர்கள்.

எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவோருக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டு 2-ஐ 64 முறை பெருக்கினால் வரும் அளவுக்குக் கோள்கள் உண்டு என்று அறிவித்தது. சில நாளிலேயே எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று ஆடியவர்கள் சலித்தார்கள். விதியை எதிர்ப்பவர்கள் இதை இன்றும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கோடிக்கணக்கான நிலத்துக்குப் பொதுவாக எழுதினால் அப்படித்தான் ஆகும். நான் கேட்பது ஒரு தாலுகாவுக்கு எழுதும் விதி.

இனி கேமரா. நிஜ நிலத்தில் போய்ப் படம் பிடித்தால் போதுமே என்கிறார்கள். இன்றைய கதைக்குப் போதும். 'சுப்ரமணியபுரம்' 2008-இல் 1980-ஐக் காட்டியது. 28 ஆண்டு இடைவெளிக்குத் தெருவையும் சட்டையையும் மாற்றினால் சமாளிக்கலாம். 1880-ஐக் காட்டவேண்டுமென்றால் எங்கே போய் நிற்பீர்கள்? இன்று மேலூர்ப் பக்கம் கேமரா வைத்தால் தெரியும் பச்சை வயல் 1895-க்குப் பிந்தியது. பென்னிகுயிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை அந்த ஆண்டு தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் கிளம்பி மேலூர் வரை வந்ததால் வந்த பச்சை அது. அதற்கு முன் அங்கே பெரும்பாலும் மானாவாரி. வரகும் கம்பும் சோளமும் பருத்தியும், ஐப்பசி மழை ஏமாற்றினால் வெறுந்தரையும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் செத்தவர்கள் பார்த்த நிலம் இன்று எந்தக் கேமராவுக்கும் எதிரே இல்லை. எங்கள் கோப்பில் இருக்கிறது. பெரியாற்றுக் கால்வாய்க்கு ஒரு மதகு வைத்திருக்கிறோம். அதை மூடினால் வாய்க்கால்கள் வறண்டு, நஞ்சை சுருங்கிக் கண்மாய்க் கரையோடு ஒட்டிக்கொள்கிறது, புஞ்சை விரிகிறது. சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டால் அது மறைத்து வைத்திருந்த ஆவாரையும் எருக்கும் வெளியே வருகின்றன. முதல்முறை இப்படி மூடிப் பார்த்தபோது அறையில் இருந்த நாலு பேரும் பேசவில்லை.

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு படத்தைக் கொடுத்துவிடுகிறதே, விதி எதற்கு என்கிறார்கள். நானும் "மதுரைக் கண்மாய்" என்று எழுதிப் பார்த்தேன். அழகான ஏரி வந்தது. சுற்றிலும் தென்னை, கரை எங்கேயும் இல்லை. ஏன் இல்லை என்று அந்தப் படத்திடம் கேட்க வழியில்லை. அதிகம் படம்பிடிக்கப்பட்ட ஏரியை அது கற்றிருக்கிறது, நம் கண்மாயை அவ்வளவு பேர் படம்பிடிக்கவில்லை. விதி அப்படியில்லை. எழுதியதைத் திறந்து படிக்கலாம், பிழை எந்த வரியில் என்று காட்டலாம், பெரியப்பா சொன்னதை அந்த வரியில் திருத்தலாம். 2023-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு இயற்கை நிலங்களை முழுக்க விதியாலேயே ஆக்கும் 'இன்ஃபினிஜென்' என்ற நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்தது. அது ஓடுவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில். பிளெண்டருக்குக் காசு இல்லை. நல்ல கணினி ஒன்று இருந்தால் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கல்லூரி மாணவி இன்றிரவே அதற்குள் ஒரு பனையை எழுதிச் சேர்க்கத் தொடங்கலாம். கருவிக்காக யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. விதிக்காகத்தான் போய் நிற்கவேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திருத்திய படத்தை அடுத்த ஆடிக்கு எடுத்துப் போனேன். பெரியப்பாவுக்குக் கண் இன்னும் மங்கியிருந்தது. திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் வரத்துக்காலைத் தொட்டுக்கொண்டு வந்து கண்மாயில் நிறுத்தினார். மடையைத் தொட்டார். "மடை இன்னுஞ் சித்தக் கீழ இருக்கணும், கடைசித் தண்ணி வரைக்கும் இறங்கணும்ல" என்றார். பிறகு விரல் கரையோடு நகர்ந்து கலிங்கில் போய் நின்றது. அங்கே எங்கள் நிலம் முடிந்து வெறும் சாம்பல் நிறம். கேமரா அந்தப் பக்கம் திரும்பாது என்பதால் அதற்கு மேல் நாங்கள் செய்யவில்லை.

"மறுகால் போற தண்ணி எங்கப்பா போகுது?"

"அதோட படம் முடிஞ்சிருது பெரியப்பா."

"முடியாதுப்பா. கீழ இன்னொரு கண்மாய் இருக்குல்ல, அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?"

அன்றிரவு திண்ணையிலேயே உட்கார்ந்து நிலத்தின் எல்லையைத் தென்கிழக்கே தள்ளினேன். விதி ஏற்கனவே இருந்ததால் வேலை அதிகம் இல்லை. கலிங்கில் வழிந்த தண்ணீர் ஓடைபிடித்துப் போனது, பள்ளத்தில் இன்னொரு கரை எழுந்து வளைந்தது, அதற்குக் கீழே வயல்கள் கட்டம் கட்டமாக விரிந்தன, அங்கேயும் கலிங்கு. இன்னும் தள்ளினேன். பெரியப்பா பக்கத்தில் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது கண்மாய் நிறையத் தொடங்கியபோது, அந்த ஊர்ப் பேரைச் சொன்னார்.